கேட்டலும் அறிதலும்: யூதரின் வாரத் தோரா ஓதல் குறித்து ஒரு திறனாய்வு

வேதம் வழங்கப்பெற்ற சமுதாயங்கள் தத்தம் வேதத்தோடு எத்துணை நெருக்கம் கொண்டுள்ளன என்பதை அளந்தறிதல் எளிதன்று. ஓதுதல் ஒன்று, ஓதப்படுவது இன்னதென அறிதல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவை ஆராய்வதற்கு யூதரின் வாரத் தோரா ஓதல் மிகப் பொருத்தமானதொரு களமாகும். அரபு வழக்கில் நாம் தவ்ராத் எனக் குறிப்பிடும் தோராவை அவர்கள் வாரப்பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாளாகிய சனிக்கிழமைதோறும் தொழுகைக்கூடத்தில் உரக்க ஓதி, ஆண்டுக்கொரு முறை நிறைவு செய்கின்றனர். அவ்வாறாயின், அப்பகுதிகளை யூதர்கள் எந்த அளவிற்கு அறிந்துள்ளனர்?

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. ஆண்டுதோறும் கேட்பதால் யூதர் யாவரும் தோராவில் தோய்ந்தவரே என்பது ஒன்று. அது பொருளறியாச் சடங்காகத் தேய்ந்துவிட்டது என்பது மற்றொன்று. முன்னது புகழுரை, பின்னது இகழுரை. இரண்டுமே அச்சமுதாயத்தின் நூல்களைப் புரட்டிப் பாராமல் கூறப்படுவன என்பது நம் கருத்து. கேட்பதனால் மட்டும் அறிவு வந்துவிடாது என்பதை யூத மரபே தொன்றுதொட்டு உணர்ந்திருந்தது. உணர்ந்தமையாற்றான் ஓதலுக்குத் துணையாகப் பல கருவிகளை உருவாக்கியது. அக்கருவிகள் எவ்வளவு உதவின, எவ்விடத்தில் தடையாயின என்பதைக் கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓதல் முறையின் அமைப்பு

தோராவின் ஐந்து நூல்களும் 54 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஆதியாகமத்தில் 12, யாத்திராகமத்தில் 11, லேவியராகமத்தில் 10, எண்ணாகமத்தில் 10, உபாகமத்தில் 11 என அவை அமையும். ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் 'பராஷா' என்பர். குர்ஆனின் ஜுஸ்உகளைப் போன்று இவை ஏறக்குறைய ஒரே அளவின அல்ல. 'நாஸோ' என்னும் பகுதி 176 வசனங்களைக் கொண்டது, 'வயேலெக்' என்பதோ 30 வசனங்களே உடையது. யூத ஆண்டு சில வேளை 12 மாதங்களும் சில வேளை 13 மாதங்களும் கொண்டதாகலின், வாரங்கள் குறையும் ஆண்டுகளில் சில பகுதிகளை இரண்டிரண்டாக இணைத்து ஓதுவர். இறுதிப் பகுதியைச் 'சிம்ஹாத் தோரா' என்னும் திருநாளில் ஓதி முடித்து, அதே அமர்வில் ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் ஓதுவர்.

சனிக்கிழமை காலையில் குறைந்தது எழுவர் அழைக்கப்பெற, அப்பகுதி முழுவதும் ஓதப்படும். அன்று பிற்பகலிலும், அடுத்து வரும் திங்கள், வியாழன் காலைகளிலும் மறுவாரப் பகுதியின் தொடக்கம் ஓதப்படும். தவறாது தொழுகைக்கூடம் செல்வோர் ஒரு பகுதியின் முதல் வசனங்களை அதற்குரிய வாரம் வருமுன்னரே மூன்று முறை கேட்டுவிடுகின்றனர்.

இவ்வோராண்டு முறை எங்கும் ஒருபடித்தாக நிலவியதன்று. பாபிலோனிய யூதர் ஓராண்டில் முடிக்க, பாலஸ்தீன யூதர் மூன்றாண்டுகளில் முடித்தனர் என்பதைத் தல்மூதே கூறும். 12ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற ஸ்பானிய யூதப் பயணி துதேலா நகரத்து பின்யாமீன், ஒரே ஊரில் இரு சபையினர் இவ்விரு முறைகளையும் பின்பற்றியதைக் கண்டு எழுதியுள்ளார். அதே நூற்றாண்டில் அந்நாட்டில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன், ஓராண்டு முறையே பரவலான வழக்கென்றும் மூன்றாண்டு முறை அருகிவிட்டதென்றும் தம் சட்டத்தொகுப்பில் பதிவு செய்தார்.

பெயரறிவு

வாரப்பகுதியைப் பற்றிய அறிமுகத்தின் முதற்படி பெயரறிவாகும். மரபுவழி யூதர் கடிதங்களில் நாளைக் குறிக்கும்போது, இன்ன பராஷாவுக்குரிய வாரம் என எழுதும் வழக்கமுடையோர். இஸ்ரேலில் நாட்காட்டிகளிலும் வெள்ளிக்கிழமை நாளிதழ்களிலும் அவ்வாரப் பகுதியின் பெயர் இடம்பெறும். பதின்மூன்று வயது நிறைவில் 'பார் மிட்ஸ்வா' காணும் சிறுவன் ஒருவனுக்கு அவ்வாரத்துப் பகுதி வாழ்நாள் முழுவதும் 'என் பகுதி' ஆகிவிடுகிறது. தொழுகைக்கூடத்தை நாடாதவர்கூடத் தம் பகுதியின் பெயரைச் சொல்லக் கேட்கலாம்.

எனினும் பெயர் பொருளைக் காட்டுவதன்று. பகுதியின் முதல் வசனங்களில் வரும் ஒரு சொல்லே பெயராக அமைவது வழக்கு. 'ஸாராவின் வாழ்நாள்' எனப் பெயரிய பகுதி, அவ்வம்மையார் 127ஆம் வயதில் மறைந்ததையும் ஹெப்ரோனில் அடக்கம் செய்யப்பட்டதையும் கூறியே தொடங்குகிறது. பத்துக் கட்டளைகள் அடங்கிய பகுதியோ, 'இத்ரோ' என நபி மூஸா (அலை) அவர்களின் மாமனார் பெயரால் வழங்குகிறது. குர்ஆனின் அத்தியாயப் பெயர்களை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. பெயரை மட்டும் அறிந்தவர் கதவைக் கண்டவரேயன்றி வீட்டைக் கண்டவரல்லர்.

ஒலியறிவு

இரண்டாம் படி ஒலியறிவு. தோராச் சுருளில் உயிர்க்குறிகளும் இராகக்குறிகளும் இரா. மெய்யெழுத்துக்கள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஓதுவோர் உச்சரிப்பையும் இராகத்தையும் முன்கூட்டியே பயின்று வருதல் வேண்டும். அழைக்கப்பெறும் ஒவ்வொருவரும் தமக்குரிய வசனங்களைத் தாமே ஓதுவதுதான் பழைய முறை. காலப்போக்கில், அழைக்கப்பெற்றவர் துதிமொழியை மட்டும் கூற, பயிற்சி பெற்ற ஒருவர் அவருக்காக ஓதும் வழக்கம் பெரும்பாலான சபைகளில் நிலைபெற்றது. ஓத இயலாதார் அவையில் நாணமுறாதிருக்கவே இவ்வேற்பாடு என விளக்கம் கூறுவர். இவ்விளக்கமே ஒரு சான்றாகும். சுருளைப் பார்த்து ஓதவல்லார் குறைந்துபோனமையை மரபே ஒப்புக்கொண்டு, அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொண்டது.

இதற்கு விலக்காக நின்றோர் யமன் நாட்டு யூதர். அவர்களிடையே அழைக்கப்பெற்றவர் தாமே ஓதும் பழைய வழக்கம் நீடித்தது. ஒவ்வொரு வசனமும் ஓதப்பட்டபின், ஆங்கெலோஸின் அரமேய மொழிபெயர்ப்பாகிய தர்கூமையும் ஒருவர், பெரும்பாலும் ஒரு சிறுவர், ஓதுவார். அவர்களது தோராப் பிரதிகளில் எபிரேய மூலமும் அரமேயத் தர்கூமும் மட்டுமன்றி, ஸஅத்யா காவோனின் அரபு மொழிபெயர்ப்பும் இடம்பெற்றது. எகிப்தின் ஃபய்யூமில் 882இல் பிறந்து 942இல் மறைந்த ஸஅத்யா தம் மொழிபெயர்ப்பினைத் 'தஃப்சீர்' என்றே அழைத்தார். அரபு பேசும் யூதர்க்குத் தோரா விளங்க வேண்டுமாயின் அரபியிலேயே விளங்க வேண்டும் என அவர் கருதியமை ஈண்டு நோக்கத்தக்கது. 1949–50ஆம் ஆண்டுகளில் யமன் யூதருள் மிகப் பெரும்பாலோர், ஏறத்தாழ 49,000 பேர், வான்வழியே இஸ்ரேலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். புலம்பெயர்ந்த பின்னரும் இவ்வோதல் முறையை அவர்களுடைய தொழுகைக்கூடங்கள் கைவிடவில்லை.

கேட்போர் அறியார் என்னும் துணிபு

கேட்பது அறிவதாகாது என மரபு உணர்ந்திருந்ததற்கு மிகத் தெளிவான சான்று, ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் உள்ளது. ரூபேனைப் பற்றிய நிகழ்ச்சி ஓதப்பட வேண்டும், ஆனால் மொழிபெயர்க்கப்படலாகாது என அது விதிக்கிறது. தாமாரைப் பற்றிய நிகழ்ச்சியோ ஓதவும் மொழிபெயர்க்கவும் படலாம். ஒரு செய்தி மக்கள் செவியில் விழலாம், கருத்தில் விழ வேண்டா என்பது இவ்விதியின் உட்கிடை. எபிரேயம் ஓதப்பட்டால் அவையோர் யாவருக்கும் விளங்கிவிடும் என்று கருதியிருப்பின் இவ்விதிக்கே தேவை எழுந்திராது. இற்றைக்கு 1800 ஆண்டுகளுக்கு முன்னரே, ஓதலைக் கேட்போருள் பலர் பொருளறியார் என்னும் துணிபின் மீதே சட்டம் வகுக்கப்பட்டது.

இக்குறையை நீக்கத் தல்மூது கண்ட வழி, ஒவ்வொருவரும் வாரப்பகுதியைத் தனியே 'மூலம் இருமுறை, தர்கூம் ஒருமுறை' படித்துச் சபையோடு சேர்ந்து நிறைவு செய்தல் வேண்டும் என்பதாகும். அறிவுக்கு வழியாக அமைந்தது பொது ஓதலன்று, இத்தனிப்படிப்பே என்பது நம் துணிபு. அரமேயம் வழக்கொழிந்தபின், பிரான்சு நாட்டு ட்ரோயெஸ் நகரத்து ராஷியின் (1040–1105) விரிவுரை தர்கூமின் இடத்தைப் பெற்றது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ இயற்றிய 'ஷுல்ஹான் அரூக்' என்னும் சட்டநூல், ராஷியைப் படித்தால் தர்கூமைப் படித்ததற்கு ஒப்பாகும் என்றும், இறையச்சமுடையோர் இரண்டையும் படிப்பர் என்றும் கூறிற்று. எபிரேயம் பயிலாப் பெண்டிரும் பொதுமக்களும் படிப்பதற்கென, யாகோப் பென் இட்ஸ்ஹாக் அஷ்கெனாஸி வாரப்பகுதி வரிசையிலேயே இத்திஷ் மொழியில் 'ட்ஸெனா உரெனா' என்னும் நூலைத் தொகுத்தார். 1622ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூத இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக ஓய்வுநாளில் பெண்கள் படித்த நூல் இதுவே.

துணையே திரையாதல்

இக்கருவிகளின் தொண்டு பெரிது. ஆயினும் இவை மூலத்தை அணுக்கமாக்கியதோடு, சில இடங்களில் அதன் மீது திரையாகவும் படிந்தன. இரு சான்றுகளைக் காண்போம்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் தந்தையின் சிலைகளை உடைத்த வரலாற்றை யூதச் சிறார் 'லெக் லெகா' பகுதிக்குரிய வாரத்தில் கேட்டு வளர்கின்றனர். ஆனால் தோராவின் மூலத்தில் அந்நிகழ்ச்சி இல்லை. முந்திய பகுதி தந்தை தேராகின் மரணத்தோடு முடிய, இப்பகுதி நாட்டை விட்டுப் புறப்படுமாறு பிறக்கும் கட்டளையோடு தொடங்குகிறது. சிலையுடைப்பு வரலாறு 'பெரேஷித் ரப்பா' என்னும் மித்ராஷ் நூலில் உள்ளது. அது ராஷியின் விரிவுரை வழியாகவும் பாடசாலை வழியாகவும் பரவியது. குர்ஆனில் வேத வாக்காகவே அமைந்த ஒரு வரலாறு யூதரிடையே விரிவுரையில் நிற்பது ஒப்பியல் ஆய்வாளர்க்கு இன்றியமையாத செய்தி. அதனைத் தோராவின் வசனம் என்றே நம்பி வளர்ந்த ஒருவர், தம் வாரப்பகுதியை நன்கறிந்தவரா, அறியாதவரா? கதையை அறிந்தவர், நூலை அறியாதவர் என்றே கூறுதல் வேண்டும்.

இரண்டாவது சான்று இன்னும் நுண்ணியது. நபி யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறு ஆதியாகமத்தின் இறுதி நான்கு பகுதிகளில் விரிகிறது. அவற்றுள் 'வயேஷெவ்', 'மிக்கெட்ஸ்', 'வயிக்கஷ்' என்னும் மூன்றும் அடுத்தடுத்த வாரங்களில் ஓதப்படுவன. 'மிக்கெட்ஸ்' நெருக்கடியின் உச்சத்தில் நின்றுவிடுகிறது. பின்யாமீனின் மூட்டையில் வெள்ளிக்கிண்ணம் அகப்பட்டுவிட்டது. அவன் மட்டும் அடிமையாகத் தங்க, ஏனையோர் தந்தையிடம் நலமே திரும்பலாம் என ஆணையும் பிறந்துவிட்டது (44:17). அவையோர் ஒரு வாரம் காத்திருத்தல் வேண்டும். அடுத்த வாரம், யஹூதா முன்வந்து பேசுவதோடு ஓதல் தொடங்குகிறது (44:18). பகுதியை இவ்விடத்தில் பிரித்தவர் இலக்கிய நுட்பம் வாய்ந்தவரே. தம்பி யூஸுஃபை விற்றுவிடலாம் என்று முன்னொரு நாள் கூறிய அதே யஹூதா, இப்போது தம்பி பின்யாமீனுக்காகத் தாமே அடிமையாக முன்வருகிறார். அவர் தம் உடன்பிறந்தாருடன் நின்றிருந்த இடத்தினின்று ஓர் அடி முன்வைப்பதற்கு, அவையோர்க்கு ஏழு நாட்கள் ஆகின்றன.

இம்மூன்று வாரங்களையும் ஒரு சொல் ஊடறுத்துச் செல்கிறது. 'வயேஷெவ்' பகுதியில், தாமாரிடம் யஹூதா ஓர் ஆட்டுக்குட்டிக்கு ஈடாகத் தம் முத்திரையையும் கயிற்றையும் கோலையும் பிணையாக வைக்கிறார். அப்பிணைக்கு மூலம் வழங்கும் சொல் 'எராவோன்' (38:17). 'மிக்கெட்ஸ்' பகுதியில், பின்யாமீனுக்கு நானே பிணை எனத் தந்தையிடம் வாக்களிக்கிறார் (43:9). 'வயிக்கஷ்' பகுதியில், சிறுவனுக்குப் பிணை நின்றவன் யான் என எடுத்துரைக்கிறார் (44:32). மூன்றிடத்தும் வேர் ஒன்றே: ஐன், ரா, பா. நம் ஃபிக்ஹு நூல்களில் முன்பணத்தைக் குறிக்கும் 'உர்பூன்' என்னும் சொல்லும் இக்குடும்பத்ததே ஆகலின், அரபு பயின்றோர் செவிக்கு இவ்வொலி அயலாகாது. பொருளைப் பிணை வைத்த ஒருவர் தம்மையே பிணை வைப்பவராக உயர்ந்த வரலாற்றை மூலம் வெளிப்படக் கூறவில்லை. ஒரு சொல்லை மும்முறை ஒலித்துக் காட்டுகிறது.

இவ்வொலியைச் செவிமடுப்போர் யார்? பெயரறிவு உடையோர் அல்லர். இராகத்தோடு கேட்டு மகிழ்வோருள்ளும் பலர் இதனைத் தவற விடுவர். மூன்று இடங்களும் மூன்று வாரங்களில் சிதறிக் கிடக்கின்றன. தர்கூமை நாடுவோர்க்கும் இது கிட்டுவதன்று. ஆங்கெலோஸ் முதலிடத்தில் 'எராவோன்' என்பதை 'மஷ்கோனா' எனப் பிறிதொரு சொல்லால் பெயர்த்துவிட்டுப் பின்னிரு இடங்களில் மட்டும் மூலத்தின் வேரைக் கையாள்கிறார். பொருள் பிழையன்று, ஆனால் இழை அறுந்துவிட்டது. மூலத்தை இருமுறை படிக்குமாறு விதித்ததன் பயன் இவ்விடத்தில்தான் புலனாகிறது. மொழிபெயர்ப்பு ஒருமுறை போதும், மூலம் இருமுறை வேண்டும் என்ற அளவீட்டில் ஆழ்ந்த அறிவு உள்ளது.

வினாத்தாள் கண்ட வழி

இருபதாம் நூற்றாண்டில் இக்குறையை நன்குணர்ந்து செயல்பட்டவர் நெஹமா லைபோவிட்ஸ் அம்மையார். 1905இல் ரீகாவில் பிறந்து 1997இல் ஜெரூசலத்தில் மறைந்த அவர், 1942 முதல் 1971 வரை வாரப்பகுதி பற்றிய வினாத்தாள்களை வெளியிட்டு வந்தார். தாளில் விடைகள் இரா. வசனம், அதற்குரிய விரிவுரைகள், அவற்றின் மீதான வினாக்கள் ஆகியன மட்டுமே இருக்கும். ஆசிரியர், தொழிலாளர், கிபுட்ஸ் பண்ணையாளர், படைவீரர் எனப் பலரும் விடை எழுதி அஞ்சலில் அனுப்ப, அவர் தம் கையாலேயே திருத்தித் திருப்பி அனுப்பினார். 1956இல் இஸ்ரேல் பரிசு இவருக்கு வழங்கப்பெற்றது.

இவர்தம் வினாக்களுள் புகழ்பெற்றது, 'இவ்விடத்தில் ராஷிக்கு நேர்ந்த இடர்ப்பாடு யாது?' என்பதாகும். விரிவுரையாளர் என்ன சொன்னார் என்பதை ஒப்பிப்பது எளிது. அவர் அதனைச் சொல்லுமாறு மூலத்தில் உள்ள எது அவரைத் தூண்டிற்று எனக் கேட்கும்போது, படிப்பவர் மூலத்திற்கே திரும்பியாக வேண்டும். திரையாகப் படிந்த விரிவுரை பலகணியாக மாறுகிறது. சிலையுடைப்பு வரலாற்றை ஓர் ஆசிரியர் இவ்வினாவோடு கற்பிப்பாராயின், மாணாக்கர் அது மூலத்தில் இல்லையென்பதையும், மூலத்தின் எந்த மௌனம் அதனை வேண்டிற்று என்பதையும் ஒருங்கே அறிவர்.

இவர் முறையிலும் எல்லைகள் உள. வாரப்பகுதியை அலகாகக் கொள்வதால், பகுதிகளைக் கடந்து ஓடும் இழைகள் பின்னுக்குத் தள்ளப்படும் வாய்ப்புண்டு. பழங்கால அண்டை நாடுகளின் வரலாறு, நூலாக்க ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு அவர் இடமளித்தது மிகக் குறைவு. ஆயினும், அறிமுகத்தை அறிவாக மாற்றுவது விடையன்று, வினாவே என்பதை மெய்ப்பித்தவகையில் தர்கூம் முதலாக வந்த துணைகளுள் இதனையே சிறந்ததென நாம் மதிப்பிடுகிறோம்.

இன்றைய நிலை

பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்க யூதருள் வாரம் ஒருமுறையேனும் வழிபாட்டிற்குச் செல்வோர் 12 விழுக்காட்டினரே. இஸ்ரேலிய யூதருள் 49 விழுக்காட்டினர் தம்மைச் சமயச்சார்பற்றோர் எனக் கூறிக்கொண்டதாக அதே மையத்தின் 2016ஆம் ஆண்டு அறிக்கை தெரிவித்தது. ஆகவே 'யூதர் அனைவரும் வாரந்தோறும் தோரா கேட்கின்றனர்' என்னும் கூற்று உண்மைக்குப் புறம்பானது. ஆனால் இஸ்ரேலிய யூதருள் பலர்க்கு எபிரேயம் தாய்மொழியாக இருத்தலால், தொழுகைக்கூடம் செல்லாத ஒருவரும் நூலைத் திறப்பாராயின் 'எராவோன்' என்னும் சொல்லை நேரே எதிர்கொள்வார். அமெரிக்காவில் தவறாது சென்று கேட்போர் பலர்க்கு அது மொழிபெயர்ப்பின் பின்னே மறைந்துள்ளது. கேட்பவர்க்கு மொழி இல்லை. மொழி உடையவர் கேட்பதில்லை. இம்முரணே இன்றைய நிலையின் சுருக்கம்.

அமெரிக்கச் சபைகள் பலவற்றில் மூன்றாண்டு முறையின் புதுவடிவம் ஒன்று கைக்கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு வாரமும் உரிய பகுதியின் மூன்றில் ஒரு கூற்றை மட்டும் ஓதுவர். நேரம் மிஞ்சும், விளக்கத்திற்கு இடம் கிட்டும். ஆனால் பழைய பாலஸ்தீன முறை தோராவை இடையறாது தொடர்ந்து ஓதியது. புதுமுறையோ வாரந்தோறும் தாவிச் செல்கிறது. பிணையின் இழை அவ்வாறு ஓதுவோர் கையில் எளிதில் அகப்படாது. 2014 டிசம்பரில் இஸ்ரேலில் தொடங்கிய '929' என்னும் திட்டம் வேறு வழியை நாடிற்று. எபிரேய வேதத்தின் 929 அதிகாரங்களையும் வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு ஒன்றாகப் படிக்கச் செய்தது. வாரப்பகுதி என்னும் எல்லைக்கு வெளியே நின்ற நீதிமொழிகள், தானியேல் போன்ற நூல்களும் அதனால் பொதுப்படிப்பிற்குள் வந்தன.

தொகுத்து நோக்கின், யூதர்க்கு வாரப்பகுதியோடு உள்ள பழக்கம் ஒரே தன்மையதன்று. பெயரறிவு பரந்தது, ஒலியறிவு சபைக்குச் செல்வோர் அளவில் நிற்பது, பொருளறிவு தனியே அமர்ந்து மூலத்தை இருமுறை புரட்டுவோர்க்கே உரியது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதாலேயே புகழுரையும் இகழுரையும் பிறக்கின்றன. ஓதல் ஒரு சமுதாயத்தை ஒரே வாரத்தில் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. அது சிறிய செயலன்று. உரோமிலும் ஃபுஸ்தாத்திலும் ஸன்ஆவிலும் வாழ்ந்தோரைப் பல நூற்றாண்டுக் காலம் ஒரு நூலைச் சுற்றி அமரச் செய்தது அதுவே. அப்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும் கடமையோ, அமர்ந்த ஒவ்வொருவரிடமும் எஞ்சி நிற்கிறது.